நீலாவதியும் உரச் சாக்கும்

நீலாவதியைப் பற்றி எங்கள் மலையில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். படித்ததால் வந்த திமிர் என்பார்கள் சிலர். பிறவியிலேயே அப்படித்தான் என்பார்கள் மற்றவர்கள். நான் அவளுக்குத் தாய்மாமன். இரண்டாவதுதான் சரி.

என் அக்கா அம்மாக்கண்ணு கேமரன் மலைத் தோட்டம் ஒன்றில் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறவள். புருஷன் சரிவில் விழுந்து செத்தபோது நீலாவுக்கு ஒன்பது வயது. நான் அப்போதே தோட்டத்தை விட்டு, பிரிஞ்சாங் டவுனில் ஒரு பழைய லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எண்பத்திரண்டில் அவளுக்குக் கோலாலம்பூரில் படிக்க இடம் கிடைத்தது. ஈப்போவில் இருந்த ஓர் அறநிதி உபகாரச் சம்பளம் கொடுத்தது. டீச்சராகப் படி என்றது, தோட்டத்து வரிசை வீடுகளான லயமே திரண்டு. அவள் வணிக நிர்வாகம் எடுத்தாள். கடை வைக்கவா பட்டணம் போகிறாய் என்று நான்கூடக் கேட்டேன்.

"நட்டுத் தண்ணி ஊத்துறது நாம, விக்கிறது வேற ஆளு. அந்த வித்தையத்தான் மாமா படிக்கப் போறேன்."

லயத்துக்குப் பின்னால் வீட்டுக்கொரு துண்டு நிலம் உண்டு. கோபிஸ் என்கிற முட்டைக்கோஸ் போடுவார்கள், முள்ளங்கி போடுவார்கள். வாசலுக்கு வருகிற வியாபாரி சொல்வதுதான் விலை. அழுகும் சரக்கை வைத்துக்கொண்டு யார் அவனோடு மல்லுக்கட்டுவது? கட்டுப்படியாகாத நாளில் முட்டைக்கோஸை மாட்டுக்குப் போட்டவர்கள் உண்டு.

எண்பத்திநான்கில் விடுமுறைக்கு வந்தவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் ஒரே நாளில் அறுப்போம், ஒரே லோரியில் ஏற்றி நேரே ஈப்போ சந்தைக்கு அனுப்புவோம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரியை நம்பாதவர்கள் எல்லாம் சேர்ந்து எப்படி விற்பார்கள்? ஆனாலும் மூன்று வாரம் விடாமல் பேசி இருபத்தெட்டு வீட்டைச் சேர்த்துவிட்டாள். லோரி என்னுடையது.

மடத்தனமும் என்னுடையதுதான். உரம் தீர்ந்த காலிச் சாக்குகள் லயத்தில் கிடக்கும். மிதியடி அது, சன்னலுக்குத் திரை அது. காலைப் பனியில் துணி நனையாமலிருக்கப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்வதும் அதைத்தான். ஸ்டோருக்குப் பின்னால் போட்டுவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யாரும் கேட்டதில்லை. கோபிஸை அதில்தான் கட்டி ஏற்றினேன். சாக்கில் நீல மையில் தோட்டத்தின் பெயர் இருப்பது என் கண்ணில் படவே இல்லை. முப்பது வருஷம் பார்த்த எழுத்து.

தோட்டத்துக் கேட்டில் காவல்காரன் லோரியை நிறுத்திவிட்டான். தோட்டத்துச் சொத்தைத் திருடிக் கடத்தினோமாம். சரக்கு அங்கேயே கிடந்து அழுகியது. யார் தூண்டிவிட்டது என்று கேட்டார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். அவர்களுக்கு வேண்டியது நீலாவின் பெயர்.

அந்த மாதக் கடைசிக்குள் அறநிதிக்கு ஒரு பாரம், அதாவது படிவம், போய்ச் சேர வேண்டும். தாய் வேலை செய்யும் இடத்து நிர்வாகி, பிள்ளையின் நடத்தையை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும், படிப்பும் அத்தோடு சரி. திருடியின் பாரத்தில் தோட்டத்து நிர்வாகியான துரை கையெழுத்துப் போடமாட்டார் என்று ஆபீசின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி ராதாகிருஷ்ணன் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்படி ஏதாவது வந்தால் எங்கள் ஆட்கள் செய்வது ஒன்றுதான். சாயங்காலம் துரை பங்களாவின் பின்வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, கோழியோடு நிற்பது. அக்கா கோழியைப் பிடித்துக் காலைக் கட்டிவிட்டாள். போய் ஒரு வார்த்தை கேட்டுவிடு தாயி என்று நானும்தான் சொன்னேன். இன்னும் ஒரு வருஷப் படிப்பு, அதற்காக ஒரு நிமிஷம் தலை குனிந்தால் என்ன?

"கோழிய அவுத்து விடும்மா. நான் திருடல. மன்னிப்புக் கேட்டா திருடினேன்னு ஆயிரும்."

"படிப்பு போயிரும்டி."

"போனா போவுது. நாளைக்கு நீ இடுப்புல கட்டிக்கிட்டுப் போறியே, அது யாரு வீட்டுச் சாக்கு?"

அக்கா குனிந்து கோழியின் கட்டை அவிழ்த்தாள். கோழி கத்திக்கொண்டே ஓடியது.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட் பக்கம் என் லோரியைக் கேட்டு நின்றிருந்தேன். அக்கா பெயர் வந்தது. முன்னால் போனவள் இடுப்புச் சாக்கை அவிழ்த்து, மடித்து, துரை காலடியில் வைத்தாள்.

"ஐயா, தோட்டத்துச் சாக்கு. திருட்டுச் சாக்கக் கட்டிக்கிட்டு மலை ஏற மாட்டேன்லா."

அடுத்து வேலாயி, அப்புறம் செல்லம்மா. அறுபத்திரண்டு சாக்கு குவிந்தது. சாக்கில்லாமல் ஈரச் செடிக்குள் யாரும் இறங்கமாட்டோம் என்றார்கள். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. எடுத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கச் சொன்னார்.

வேலாயி கேட்டாள்: "கட்டிக்கலாம்னா, அப்ப அது திருட்டு இல்லயா தொர?"

துரை ஆபீசுக்குள் போய்விட்டார். அன்று யாரும் கொழுந்து வெட்டும் கத்தரியைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. கொழுந்து வளர்ந்தது, முற்ற ஆரம்பித்தது. முற்றினால் ஃபேக்டரியில் கழிவு. மூன்றாம் நாள் காலை என் லோரியை விட்டார்கள். சாக்குகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மத்தியானம் கிராணி தானே லயத்துக்கு வந்து பாரத்தை நீட்டினார்.

கையெழுத்து இருந்தது. ஆனால் நடத்தை என்ற இடத்தில் துரை மலாயில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: டெகில். பிடிவாதக்காரி என்று அர்த்தம். கிராணிக்கே மனசு கேட்கவில்லை. வேறு பாரம் டைப் அடித்துத் தருகிறேன், துரைக்குக் கோபம் ஆறின பிறகு நல்லபடியாக எழுதி வாங்கிவிடலாம் என்றார்.

"வேணாம் அங்கிள். உண்மையத்தானே எழுதியிருக்காரு." அப்படியே தபாலில் போட்டாள்.

அறநிதிக்காரர்கள் ஈப்போவுக்குக் கூப்பிட்டு, இது என்னம்மா சொல் என்று விசாரித்தார்கள். அழுகிய கோபிஸிலிருந்து அறுபத்திரண்டு சாக்கு வரை எல்லாம் சொன்னாளாம். ஓர் ஆள் சிரித்தாராம், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். உபகாரச் சம்பளம் நிற்கவில்லை.

எண்பத்தைந்தில் பட்டத்தோடு வந்தாள். தோட்டத்து ஆபீசில் வேலை கொடுக்கிறோம் என்றார்கள், போகவில்லை. லயத்துக்காரர்களை வைத்துக் கூட்டுறவு ஒன்று தொடங்கினாள். முதல் வேலையாகப் புதுச் சாக்கு வாங்கி, சிவப்பு மையில் பெயர் குத்தினாள். என்ன பெயர் என்று கேட்கவா வேண்டும்?

இப்போதெல்லாம் ஈப்போ சந்தையில் நான் லோரியை நிறுத்தினதும், "டெகில் கோபிஸ் வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். கேட்டில் அதே காவல்காரன்தான் இருக்கிறான். சாக்கின் எழுத்தைப் படித்துவிட்டு, தடுப்புக் கம்பைத் தூக்கி வழிவிடுகிறான்.