இரண்டரை மணி பஸ்

செய்தி வந்தபோது நான் ஓசூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெங்களூர் ஆஸ்பத்திரியில் குளிர்கிறது, வீட்டிலிருந்து கம்பளி வேண்டும் என்று என் மனைவி கேட்டிருந்தாள். அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பப் போக வந்திருந்தேன். வரவேண்டிய பஸ் இருபது நிமிடமாகியும் வரவில்லை. மகன் போனில், "அப்பா, அவசரப்பட வேணாம், மெதுவா வாங்க" என்றான். அதற்குமேல் அவன் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அதே பஸ் நிலையத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனிக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவதும், தாமதமாக வந்த டிரைவரைத் திட்டுவதும்தான் என் பிழைப்பு. ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவனுக்கு, பெண்டாட்டி போகிற நேரத்துக்கு ஒரு பஸ் கிடைக்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடிக்கிறோம், அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதிக் கொடுங்கள் என்றான் மகன். நாலு வரி போதவில்லை. முனிரத்தினம்மாவை உங்களுக்கெல்லாம் தெரியும். பட்டுப்புழு வளர்ப்பதில் கை சுத்தமானவள், பொறுமைசாலி, வீட்டை விட்டு நகராதவள் என்று துக்கம் கேட்க வந்த எல்லோரும் சொன்னீர்கள். சொன்னதெல்லாம் சரிதான். அந்த நகராதவளோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்த என் ஆற்றாமையை யாரும் கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. கிருஷ்ணகிரியில் அணைக்கு வேலை நடந்துகொண்டிருந்த சமயம். அவள் தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் ஒரு ஊரிலிருந்து வந்தவள். வரும்போதே மூங்கில் தட்டுகளோடு வந்தாள். வந்த ஆறாம் மாதம் என் அரை ஏக்கரில் மல்பெரி நட்டுவிட்டாள். புழுவிடம் கன்னடத்தில் பேசுவாள், என்னிடம் தமிழில் பேசுவாள், கோபம் வந்தால் எந்த மொழியிலும் பேசமாட்டாள். எனக்கோ ஒரே ஆசைதான். தினமும் நான் தருமபுரி, ராயக்கோட்டை, பெங்களூர் என்று ஊர்ப் பெயர்களாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒவ்வொன்றாகக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். எல்லா வண்டியிலும் எனக்குத் தெரிந்த ஆள் இருந்தான். ஜன்னலோர இடம் கேட்டால் கிடைக்கும்.

கிடைக்காதது அவள்தான். புழுவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து வேளை இலை போட வேண்டும். கூடு விற்றதும் நாலு நாள் ஓய்வு இருக்குமே என்று கேட்பீர்கள். அந்த நாலு நாளும் தட்டு கழுவ, வெயிலில் காய வைக்க, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விடும். அதற்குள் அடுத்த முட்டை வந்துவிடும். அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சாவியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றால், வெளியாள் கால் பட்டால் புழுவுக்கு நோவு வரும் என்பாள். வெளியாள் என்ன, என்னையே விடமாட்டாள். "டீசல் வாசனையோட உள்ள வராதீங்க" என்பாள். கால் கழுவி, சட்டை மாற்றி, பீடி குடிக்காதவன் என்று வாயை ஊதிக் காட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்குள் நான் நுழைந்தேன்.

ஆனால் புழு தூங்கும். முட்டையிலிருந்து வந்து கூடு கட்டுவதற்குள் நாலு முறை தின்பதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடந்து, பழைய தோலைக் கழற்றும். முதல் மூன்று தூக்கமும் ஒவ்வொரு நாள்தான். நாலாவது ஒன்றரை நாள். அந்த நேரத்தில் இலை போடக் கூடாது. தோல் கழற்றி எழுந்த உடனே இலை இருந்தாக வேண்டும். "புழு கண்ணு முழிக்கறப்ப நாம எதிர்ல இருக்கணும்" என்பது அவள் அடிக்கடி சொல்வது. ஆகவே நாங்கள் ஊர் பார்த்ததெல்லாம் புழு தூங்கிய நாட்களில்தான். மற்ற புதுப் பெண்டாட்டிகள் மாமியாரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புவார்கள். இவள் தட்டுகளைக் குனிந்து பார்த்துவிட்டு, "தூங்கிடுச்சி, கெளம்புங்க" என்பாள்.

பெங்களூருக்கு ஒரு இரண்டாம் தூக்கத்தில் போனோம். லால்பாக்கில் பூவைப் பார்க்காமல், ஒரு தோட்டக்காரரைப் பிடித்துக்கொண்டு இலைப்பூச்சிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கன்னடத்தில் அரை மணி நேரம் விசாரித்தாள். நான் ஒரு ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு அது உருகி முழங்கை வரை வழிய நின்றேன். பிறகு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். நாற்காலியில் அவள், பக்கத்தில் நான். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு "ஆடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "தட்டுக்கால் கிண்ணத்துல தண்ணி ஊத்தனனா?" என்று எழுந்துவிட்டாள். எறும்பு ஏறாமல் இருக்க ஊற்றுகிற தண்ணீர். இன்னொரு படம் எடுக்கலாம் என்றார் அவர். அதற்குள் இவள் தெருவில் நின்றாள். அந்தப் படத்தில் என் முகம் மூக்கு நுனி வரை தெளிவாக இருக்கிறது. அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கலங்கல். இளவயதுப் படம் வேண்டும் என்று மகன் கேட்டபோது இதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அவன் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ராயக்கோட்டை மலையில் பாதி வழியில் நின்றுவிட்டாள். "இங்கருந்தே எல்லாம் தெரியுது, போதும்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் மீதி மலையை நான் தனியாக ஏறினேன். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தேன். புளிச்சோற்று மூட்டை அவளிடம் இருந்ததால் முறைப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. இறங்கி வந்தபோது இலையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"மேல இன்னா இருந்துச்சி?"

"ஒண்ணுமில்ல."

"அதான் நான் வரல" என்றாள்.

அவளுக்கே ஒரு ஆசை இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஒகேனக்கல்லில் பரிசல் ஏற வேண்டும். அவள் ஊரில் யாரோ போய்வந்து சொன்னதைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். அவளாக வாய் திறந்து என்னிடம் கேட்ட இடம் அது ஒன்றுதான். அதற்கு நாலாம் தூக்கம்தான் சரிப்படும்.

அந்த முறை புழு பிரமாதமாக வந்திருந்தது. எல்லாத் தட்டிலும் ஒரே அளவு, ஒரே சமயத்தில் தூங்கின. பட்டு ஆபீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, இந்த வளர்ப்பு கடைசிவரை இப்படியே வந்தால் முட்டைக்கு வைக்கிற விதைக்கூடு வளர்க்க உங்கள் வீட்டை எழுதிவிடுகிறேன் என்று சொல்லிப்போனார். எங்கள் பக்கத்தில் அதுவரை ஒரு பெண்பிள்ளையை நம்பி விதைக்கூடு வளர்க்கக் கொடுத்ததில்லை. இரண்டு நாள் அவள் சோறு சரியாகச் சாப்பிடவில்லை, அத்தனை சந்தோஷம்.

சாயங்காலம் தூங்கிய புழு மறுநாள் முழுக்கத் தூங்கி, அதற்கடுத்த விடிகாலையில் எழும் என்பது அவள் கணக்கு. விடியும் முன் முதல் வண்டியில் கிளம்பி, கிருஷ்ணகிரி, தருமபுரி, பென்னாகரம் என்று மாறி மாறி, ஒகேனக்கல் போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டு. அவள் குளித்து, மீன் வறுத்து வாங்கித் தின்று, பாறையில் உட்கார்ந்தபோது ஒன்றரை ஆகிவிட்டது. பரிசல்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

"நம்ம பஸ் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டாள்.

இரண்டரைக்கு. அதை விட்டால் அன்று வீடு சேர முடியாது. நாலு மணிக்கு இன்னொரு வண்டி உண்டு, ஆனால் அது பென்னாகரத்தோடு நின்றுவிடும். பென்னாகரத்து டைம் கீப்பர் என் சிநேகிதன், காலையில்தான் இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருந்தான்.

"நாலு மணி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்திருக்கிறேன். பூவையும் பார்க்கவிடாமல், மலையையும் ஏறவிடாமல், படத்தையும் எடுக்கவிடாமல் செய்த அந்தப் புழுக்களின்மேல் எனக்கு வஞ்சம் இருந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவை எனக்காகக் காத்திருக்கட்டும் என்று தோன்றியது. ஒன்றரை நாள் தூங்குகிற பிராணி இன்னும் கொஞ்சம் தூங்கினால் என்ன என்று என் மண்டையில் பட்டது. ஒரு டைம் கீப்பருக்கு வரக்கூடாத யோசனை.

பரிசல்காரர் வந்தார். நாங்கள் இறங்கிப்போகும்போது மேலே ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது. பஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. இவள் திரும்பிவிடுவாளோ என்று சத்தமாக மீனைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தேன். அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "பரிசல்ல எந்தப் பக்கம் உக்காரணும்?" என்று கேட்டாள். அப்பாடா என்றிருந்தது.

அருவிக்குக் கீழே பரிசல் சுற்றியபோது அவள் சிரித்தாள். வேற்று ஆள் முன்னால் என் கையைப் பிடித்ததும் அன்றுதான். முழுக்க நனைந்து, பேச்சு காதில் விழாமல், அந்த அரை மணி நேரம் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். என் வாழ்க்கையில் அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

இரவு பென்னாகரத்தில் தங்கி, மறுநாள் பகல் இரண்டு மணிக்கு வீட்டைத் திறந்தோம். புழுக்கள் எழுந்து, இலை தேடித் தட்டை விட்டு இறங்கி, சுவரெல்லாம் ஊர்ந்துகொண்டிருந்தன. எறும்பு பிடித்தவை தரையில் கிடந்தன. அவள் ஈரச்சாக்கில் கட்டி வைத்த இலையை எடுத்துப் போட்டுக்கொண்டே, சுவரிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் விட்டாள். நானும் பொறுக்கினேன். டீசல் வாசனை என்று அன்று சொல்லவில்லை. மிஞ்சியவை பெரிதும் சின்னதுமாக ஏறுமாறாக வளர்ந்தன, கூடு கட்டியது கால்வாசிதான். விதைக்கூடு வேறு வீட்டுக்குப் போனது. அது எங்கள் வீட்டுக்கு வர அப்புறம் எத்தனையோ வருஷம் ஆனது.

பஸ் நேரத்தை நான் தவறாகக் கேட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். "செரி" என்றாள். அடுத்த நாலாம் தூக்கத்துக்கு மைசூர் போகலாமா என்று கேட்டேன். "இனிமே எங்கயும் வேணாங்க" என்றாள். அதோடு முடிந்தது. கிருஷ்ணகிரி அணை கட்டி முடிந்தபோது ஊரே போய்ப் பார்த்தது, அவள் வரவில்லை. பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, காசி வரை போய்வந்தார்கள், அவள் வரவில்லை. புழு வளர்ப்பதை நிறுத்திய பிறகும் வரவில்லை. நான் செய்த தப்புக்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவும் முடியாமல், பொறுக்கவும் முடியாமல், ஐம்பது வருஷம் அவளிடம் சள்ளுபுள்ளென்று விழுந்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

அவள் போவதற்கு மூன்று நாள் முன்னால், ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இல்லாதபோது சொல்லிவிட்டேன்.

"ரத்னா, அந்த ஒகேனக்கல் பஸ்ஸு. நேரம் எனக்குத் தெரியும். வேணும்னுதான் விட்டேன்."

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"வளைவுல ஏறறப்ப நானும்தான் பாத்தேன். ஓசூர்ல கேட்டுப் பழகின பஸ் ஹாரன் எனக்குத் தெரியாதா? பென்னாகரத்துல உங்க சிநேகிதர் ரெண்டரைன்னு சொன்னதும் காதுல உழுந்திச்சி."

பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஓடிப்போய் ஏறியிருக்கணுமே. எனக்குப் பரிசல்ல போகணும்."

"அப்பறம் ஏம்மே அதோட எங்கயும் வரமாட்டேன்னுட்ட? எம்மேல கோவம்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"உங்க மேல இன்னாத்துக்குக் கோவம்?" என்றாள். "எம்மேலதான் எனக்கு நம்பிக்க இல்ல. மறுபடி போனா மறுபடியும் பஸ்ஸ விட்டிருப்பேன்." பிறகு, "ரொம்ப நல்லா இருந்திச்சிங்க" என்றாள்.

நான் அப்போதும் அவளைக் கோபித்துக்கொண்டேன். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் தப்பு இரண்டு பேருடையதாகப் போயிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்போம், சேர்ந்து அழுதிருப்போம், வருஷத்துக்கு ஒரு வளர்ப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றியிருப்போம். இப்போதும் அந்தக் கோபம் இருக்கிறது. யாரிடம் காட்டுவது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவளைப் பொறுமைசாலி என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆசை இருந்தது அவளுக்கு, என்னைவிட அதிகமாக.

தட்டுகளை மகள் எடுத்துக்கொள்ளட்டும். கம்பளி இன்னும் பையிலேயே இருக்கிறது, அதை யாருக்காவது கொடுத்துவிடலாம். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஸ்டுடியோ படத்தில் விழாமல் போன அவள் முகத்தைத்தான். வளைவில் பஸ் ஏறிப்போவதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி திரும்பி, "பரிசல்ல எந்தப் பக்கம் உக்காரணும்?" என்று என்னைக் கேட்டாளே, அந்த முகம்.