செகண்ட் ட்ரிப் பிள்ளைகளின் அறை

பூஞ்சை பிடித்த தோலும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை. ஆர்மோனியத்தின் துருத்தியை முதன்முதலில் இழுத்தபோது முகத்தில் அடித்தது அதுதான். சத்தம் பிறகுதான் வந்தது, அதுவும் ஒரு கட்டையை அழுத்தினால் பக்கத்துக் கட்டையும் சேர்ந்து முனகும்.

வடக்கே, கோர்படி ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்த காலம் அது. பள்ளிப் பேருந்து இரண்டு நடை போகும். முதல் நடை போய்த் திரும்பும் வரை மைதானத்து ஓரத்தில் கிடக்கும் எங்களுக்கு "செகண்ட் ட்ரிப்" என்றே பெயர். அந்த வருஷத்து மழையில் பாட்டு அறையின் கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றுவிட, சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. நனையாமல் ஒதுங்கப் போன நாங்கள், வாரத்துக்கு ஒருமுறை பிரார்த்தனைப் பாடலுக்கு மட்டும் வெளியே வரும் ஆர்மோனியத்தையும் "டோல்கி" என்ற சின்ன மேளத்தையும் மெல்ல எடுத்துக்கொண்டோம். யாரும் அதட்டவில்லை. மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவுமில்லை.

டோல்கி கஸ்தூரியுடையது என்று ஆகிவிட்டது. ஏரவாடாவில் இருந்து வருகிற தமிழ்ப் பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காதவள். கணபதி ஊர்வலத்தில் கேட்டதை எல்லாம் கைக்குள் வைத்திருந்தாள் போல. அவள் அடிக்க அடிக்க, நான் கட்டைகளில் துழாவித் துழாவி, எந்தப் பாட்டிலும் சேராத மெட்டு ஒன்றை இருவருமாக வளர்த்தோம். அதற்கு நடு இருந்தது, முடிவு இல்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று தினமும் விட்டுவிட்டுப் பேருந்துக்கு ஓடுவோம். அத்தனை சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை, சொன்னால் என்ன.

மார்க் ஷீட் வாங்கப் பள்ளிக்கு வந்த அம்மா ஒருநாள் அதைக் கேட்டுவிட்டாள். திருநெல்வேலிக்காரி; நல்லது எதைக் கண்டாலும் அதை இன்னும் நல்லதாக்காமல் விடமாட்டாள். "சும்மா தட்டிக்கிட்டுக் கெடக்க நேரத்துல முறையாப் படிச்சா ஒரு பிரயோசனம் உண்டுல்லா?" என்றவள், தன் அரைகுறை இந்தியிலேயே தலைமையாசிரியையிடம் போய்ப் பேசினாள். அவருக்கு ஒரே மகிழ்ச்சி, பாட்டுக்கு ஓர் ஆசிரியரையே வைத்துவிடுவதாகச் சொன்னார். அப்பா மட்டும், "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று முனகிவிட்டுப் பேப்பருக்குள் போய்விட்டார்.

சொன்னபடியே ஆசிரியர் வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தியதே இல்லை. கதவை இழைத்துப் பூட்டும் போட்டார்கள். எனக்கு ஸ்வர வரிசை. கஸ்தூரிக்கு இடது கை பிடிப்பே தப்பு, முதலில் கையைத் திருத்த வேண்டும், அதுவரை மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிரு என்றார். ஒரு வாரம் மடியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நான் அடிக்கிறது தப்பாம்டி. நீ கத்துக்கோ, நான் வெளிய ஸ்கூல் கேட்டாண்ட நிக்கிறேன்."

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. கொஞ்ச நாளில் நானும் பாட்டு வகுப்பை விட்டேன். அம்மாவுக்கு இன்றுவரை அது மனக்குறை. அந்த மெட்டு என்ன ஆயிற்று என்று கேட்டால், எனக்கே ஞாபகம் இல்லை.

இப்போது சாகண் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். பாட்டு அறைக்குக் குளிர்சாதனம் உண்டு, பியானோ உண்டு, பாட வேளை தவிர மற்ற நேரமெல்லாம் பூட்டும் உண்டு. மதிய இடைவேளையில் அதைத் திறந்து போடுங்கள், யாரும் சொல்லித்தர வேண்டாம் என்று வருஷக்கணக்காக ஆசிரியர் கூட்டந்தோறும் கேட்டேன். உடைந்தால் யார் பொறுப்பு, இதனால் என்ன கற்கிறார்கள் என்று பதில் கேள்விகள் வந்தன. வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில், அருமையான யோசனை என்று கைதட்டி, அட்டவணை போட்டு, வகுப்புக்கு ஐந்து பேர் என்று தேர்ந்தெடுத்து, பொறுப்பாசிரியராக என்னையே போட்டுவிட்டார்கள்.

முதல் நாள் வந்த பிள்ளைகள் உயர வரிசையில் நின்று என் முகத்தைப் பார்த்தார்கள். எல்லாம் உங்களுடையது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. சிறிது நேரத்தில் ஒரு சிறுமி தலையை நீட்டினாள்.

"மிஸ், கர்னா க்யா ஹை?" என்ன செய்யணும் என்கிறாள்.

பிடித்ததை எடுத்து அடித்துப் பாரேன் என்றேன். கொஞ்சம் யோசித்து, தப்பாக அடித்துவிட்டால் யார் சொல்வார்கள் என்று கேட்டாள். யாரும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. மணி அடிக்கும் வரை எல்லோரும் சத்தமில்லாமல் வீட்டுப்பாடம் எழுதினார்கள்.