நைனாவின் பதினெட்டாயிரம் அடிகள்

எங்கள் அலுவலகத்தில் காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான்கு பேர் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார்கள். பின்லாந்தின் தம்பெரே நகரத்துக்கு வந்து வேலையில் சேர்ந்த முதல் வாரம், யாரோ பெரிய அதிகாரி உள்ளே வருகிறார் என்று நினைத்து நானும் அவசரமாக எழுந்து நின்றேன். திருத்தணி தாலுகா ஆபீஸில் சாதிச் சான்றிதழுக்கு அலைந்து வளர்ந்த கால்கள், வேறென்ன செய்யும்? வாசலில் யாரும் வரவில்லை. பக்கத்து மேசை கிர்சிதான் என் குழப்பத்தைப் பார்த்துத் தன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டாய், எழுந்திரு என்று கடிகாரம் சொன்னதாம், எழுந்தார்களாம். எங்கள் ஊரில் தாசில்தாரே சொன்னாலும் இரண்டாம் தடவை சொன்னால்தான் நகர்வோம் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன். அதற்கு வேண்டிய பின்னிஷ் அப்போது என்னிடம் இல்லை.

ஆறு வருடம் ஆயிற்று. என் கையிலும் இப்போது அப்படி ஒரு கடிகாரம் இருக்கிறது. அது சொன்னால் நானும் எழுந்து நிற்கிறேன். நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. நாள் முழுவதும் உட்கார்ந்துகொண்டு ஊரையே ஓட வைக்கிற உத்தியோகம். வாங்கி நான்கு வருடமான அந்தக் கடிகாரம் சாயங்காலம் ஆனால் சார்ஜ் இல்லாமல் சாமியாடி ஓய்ந்தவரைப் போலத் துவண்டுவிடும். இதற்கிடையில் புது மாடல் வந்துவிட்டது. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பார்க்குமாம், கீழே விழுந்தால் வீட்டுக்குச் செய்தி அனுப்புமாம். மாற்றுவதா, வேண்டாமா? இதைப் போய் ஒரு கேள்வி என்று எழுதுகிறாளே என்று ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். என்னைப் போல வெளியே வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். நாம் இங்கே ஒரு பொருளை மாற்றினால் பழையது யாருக்கு என்பது நாம் கடைக்குப் போகும் முன்பே ஊரில் முடிவாகியிருக்கும். என் பழைய போன் அக்காவிடம். அதற்கும் முந்தைய போன் பாவாவிடம், அதாவது அக்கா வீட்டுக்காரரிடம். என் பழைய மடிக்கணினியை எங்கள் பவர்லூம் ஷெட்டில் மின்கட்டண ரசீதுகள் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தடவை கடிகாரம் போக வேண்டிய கை நைனாவுடையது. என் அப்பாவைத்தான் சொல்கிறேன். ஆந்திர எல்லையோர நெசவு வீடுகளில் நாங்கள் தமிழ் பேசினாலும் அப்பா நைனாதான். போன வருடம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, சென்னைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் விமானத்தைப் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து அவர் கட்டிலில் உட்கார்ந்து இட்லியில் உப்பில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். நடந்தால் பிழைப்பார் என்றுதான் என் காதில் அது விழுந்தது. திரும்பி வரும் முன் சென்னையில் காலடி எண்ணும் ஒரு ரப்பர் பட்டை வாங்கி, அழுக்காகும் என்று அவர் எடுத்து உள்ளே வைத்துவிடுவாரே என்று பயந்து, நானே மூன்று நாள் கட்டிப் பழசாக்கிவிட்டு அவர் கையில் கட்டினேன். பாவாவின் போனிலும் என் போனிலும் செயலியை இணைத்துவிட்டேன். தம்பெரேயில் நான் விழித்ததும் முதல் வேலை, திருத்தணியில் நைனா முந்தின நாள் எத்தனை அடி நடந்தார் என்று பார்ப்பது.

என் நைனா நடக்கிற ஆள்தான். நான் சென்னைக்குக் கல்லூரிக்குப் போன காலத்தில் காலை ரயிலுக்கு என்னைக் கொண்டுவந்து விடுவார். கூட நடந்ததே கிடையாது. நாற்பது அடி முன்னால் வேகவேகமாகப் போவார். தெருமுனையில் மட்டும் நின்று லுங்கியை அவிழ்த்துக் கட்டுவதுபோல் பாவனை செய்வார். நான் கிட்டே போனதும் மறுபடி கிளம்பிவிடுவார். அந்த மனிதரின் எண்ணிக்கை முதல் மாதம் இரண்டாயிரத்தைத் தாண்டவில்லை. போனில் கேட்டேன், கெஞ்சினேன், ஒரு நாள் அழுதும்விட்டேன். மறு வாரம் ஒரு காலை போனைத் திறந்தால் நாற்பத்தோராயிரம். பதறிப்போய் அழைத்து, நடக்கச் சொன்னால் திருப்பதிக்கேவா நடந்து போனீர்கள், இதயம் என்னத்துக்கு ஆகும் என்று திட்டினேன். அவர் நிதானமாக, "ஜாஸ்தியா போய்ட்ச்சா? சரி, கொறச்சிக்கிறேன்" என்றார். அடுத்த நாளிலிருந்து பதினெட்டாயிரம். ஒரு நாள் தப்பாமல் பதினெட்டாயிரத்தை ஒட்டியே.

எங்கள் அலுவலகத்தில் பனிக்காலத்தில் நடைப் போட்டி வைப்பார்கள். குடும்பத்தில் ஒருவரையும் அணியில் சேர்த்துக்கொள்ளலாம். கிர்சி அணியில் நான் நைனாவைச் சேர்த்தேன். ஐந்து வாரத்தில் நாங்கள்தான் முதல். எழுபது வயது, இதய நோயாளி, தினம் பதினெட்டாயிரம் என்றதும் அதிகம் பேசாத அந்த மனிதர்கள் காப்பி அறையில் நைனாவைப் பற்றி மட்டும் விசாரிக்க ஆரம்பித்தார்கள். உங்கள் ஊரில் மலை இருக்கிறதாமே என்றார் ஒருவர். இருக்கிறது, மேலே முருகன் இருக்கிறார், வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்றேன். அவர் பயபக்தியோடு அதை எழுதி வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நானோ அந்தப் போட்டியில் அணியிலேயே கடைசி.

இந்தப் பெருமையோடுதான் கடிகாரக் கடைக்குப் போனேன். புதியது எனக்கு, துடிப்பை எண்ணிக் காட்ட மட்டும் தெரிந்த என் பழையது நைனாவுக்கு என்பது திட்டம். கடைக்காரப் பெண்மணி பழையதைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி உண்டு என்றார். இல்லை, பழையது என் அப்பாவுக்கு என்றேன். அவர் முகம் லேசாக மாறியது. அப்படியானால் புதியதை அப்பாவுக்குக் கொடுக்கலாமே என்று மெதுவாகச் சொன்னார். பெற்ற தகப்பனுக்குக் கழித்ததைக் கட்டுகிறாளே என்று நினைத்திருப்பார். அவருக்கு நான் எப்படி விளக்குவேன்? புதியதைக் கொடுத்தால் நைனா அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டுவார். ஏற்கெனவே அங்கே இரண்டு சட்டைத் துணியும் ஒரு சவரப் பெட்டியும் வருடக்கணக்கில் புதிதாகவே இருக்கின்றன. நான் போட்டுக் கழித்தது என்றால் மட்டும் வீணாகக் கூடாது என்று போட்டுக்கொள்வார். ஆக, அவருக்கு நல்ல கடிகாரம் வேண்டுமென்றால் அதை முதலில் நான் தேய்க்க வேண்டும். இதைப் பின்னிஷில் சொல்லிப் பார்த்தேன். உங்கள் அப்பா சுற்றுச்சூழல் ஆர்வலரா என்று கேட்டார் அந்த அம்மாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன்.

மூன்று தடவை போய் மூன்று தடவையும் வாங்காமல் வந்ததற்கு அந்த அம்மாள் காரணமில்லை. நைனாதான். துடிப்பு பார்க்கும் கடிகாரம் தருகிறேன் என்றால் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. கறுப்புப் பட்டை தனக்கு ஆகாது என்றார். கை அரிக்கும் என்றார். இதுவே நன்றாகத்தானே காட்டுகிறது, எதற்கு இன்னொன்று என்றார். கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ளும் மனிதர் ஏன் இப்படி நழுவுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. சரி, நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுப்பு எடுத்துக் கிளம்பினேன்.

மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தேன். விமானம் சீக்கிரம் வந்து, முந்தின ரயில் கிடைத்து, காலை பத்தரைக்கே திருத்தணியில் இறங்கிவிட்டேன். வீட்டுக்குப் போகாமல் நேராகப் பின்தெருவில் இருக்கும் எங்கள் ஷெட்டுக்குப் போனேன். நான்கு தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் நான் வந்தது யாருக்கும் தெரியவில்லை. நைனா பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கை வெறுங்கையாக இருந்தது. என் கண் தானாக ஷெட்டைத் துழாவியது. முதல் தறியில், நூலை நெருக்குவதற்காக முன்னும் பின்னும் ஆடும் பலகையின் ஓரத்தில், நான் கட்டிவிட்ட ரப்பர் பட்டை வெள்ளைத் துணிக் கிழிசலால் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்தது. தறி நடந்துகொண்டிருந்தது. பின்லாந்தில் முதல் பரிசு வாங்கிய நடை.

முதலில் பாவாதான் என்னைப் பார்த்தார். பார்த்ததும், நூல் கண்டு எதுவும் விழாமலேயே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார். நான் கத்துவதற்கு வாயைத் திறந்த நேரம் கரண்ட் போனது. நான்கு தறியும் ஒன்றாக நின்றன. அவ்வளவு அமைதியில் எனக்குக் கத்த வரவில்லை. டாக்டர் என்ன சொன்னார் நைனா என்று மட்டும் கேட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கோபத்துக்குக் கீழே இருந்தது பயம்தான். எட்டு மாதமாக நான் நிம்மதியாகத் தூங்கியது இந்த மரப்பலகையை நம்பித்தானா?

பாவா முந்திக்கொண்டு, முதல் நாள் கணக்குத் தெரியாமல் பட்டையைப் பொழுதெல்லாம் தறியிலேயே கட்டிவிட்டதாகவும், நாற்பத்தோராயிரம் வந்து நான் திட்டிய பிறகு இரண்டரை மணி நேரத்தோடு அவிழ்த்துவிடுவதாகவும் சொன்னார். அதை ஒரு நல்ல காரியம் போலவே சொன்னார். நைனா பேப்பரை நான்காக மடித்து வைத்தார்.

"முட்டி வலிக்குதும்மா. ரெண்டாயிரத்துக்கு மேல முடியல. கம்மியா காட்டுச்சின்னா நீ அங்க அழுதுகினு கெடக்கற. நான் இன்னா செய்யட்டும்?"

முட்டி வலி என்று ஏன் சொல்லவில்லை, வைத்தியம் பார்த்திருக்கலாமே என்று நான் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு பாவாவிடமிருந்து போனை வாங்கி, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தச் செயலியை எனக்கே திறந்து காட்டினார். அதில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. இணைத்தது நான்தான். அங்கிருந்து இங்கே பார்ப்பதற்காக இணைத்தேன். இங்கிருந்தும் அங்கே தெரியும் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"என்னுத வுடு. உன்னுது ஞாயித்துக்கெழம ஆனா நூத்தி இருவது, நூத்தி முப்பது. போன மாசம் நாலு வாரமும் அப்பிடித்தான் காட்டுது. தெனம் டீ குடிச்சிகினே பாக்கறேன். அங்க போவ வர ஒரு வூடு இல்லியாம்மா உனக்கு?"

கட்டிலிலிருந்து சோபா, சோபாவிலிருந்து அடுப்படி, அங்கிருந்து மறுபடி கட்டில். அதுதான் நூற்றிருபது. வாராவாரம் போனில் நான் சினேகிதிகளோடு ஏரிக்கரைக்குப் போனதாகவும், ஊர் சுற்றியதாகவும் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்தே கேட்டிருக்கிறார். நடந்தேன் என்று அவராவது ஒரு நாளும் வாயால் பொய் சொல்லவில்லை. எவ்வளவு காட்டுது என்று கேட்பார், சொன்னால் பரவாயில்லை என்பார், அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. அதைவிட, ஒருவர் தினமும் டீ குடித்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

அரக்கோணத்தில் ஒரு மருத்துவரிடம் முட்டியைக் காட்டினோம். மெதுவாகப் பிரித்துப் பிரித்து நடந்தால் போதும் என்றார். கிளம்பும் நாள் என் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி நைனா கையில் கட்டினேன். கறுப்பு ஆகாது என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை. தறியிலிருந்த பட்டையை அவிழ்த்து, ஒட்டியிருந்த பஞ்சைத் துடைத்து நான் கட்டிக்கொண்டேன். புது மாடல் வாங்கவில்லை. வாங்க நினைத்துப் போனவள் இருப்பதிலும் தாழ்ந்ததைக் கட்டிக்கொண்டு வந்த கதை இதுதான். இப்போது நைனாவுக்குத் தினம் ஆயிரத்து நூறு, சில நாள் தொள்ளாயிரம். கூடவே துடிப்பும் தெரிகிறது. ஆகவே நடப்பது தறியில்லை, அவர்தான்.

அலுவலகத்தில் உண்மையைச் சொன்னேன். பொய்க் கணக்கைப் பொறுக்காத ஜனங்கள் ஆயிற்றே என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். கிர்சி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு "யோ" என்றாள். அது எங்கள் ஊர் 'ஆங்'குக்கு ஒன்றுவிட்ட சகோதரி. அந்த ஐந்து வாரத்தில் எத்தனை மீட்டர் துணி வந்தது என்று மட்டும் கேட்டாள். பரிசு ஒரு கேக். அதை எப்போதோ தின்று முடித்திருந்தோம். அதற்குப் பதிலாக நான் வடை சுட்டுக் கொண்டுபோய்த் தோற்ற அணிக்குக் கொடுத்தேன்.

வந்த முதல் ஞாயிறு, வெளியே லோஸ்கா. பனியும் தண்ணீரும் கலந்த சேற்றுக்கு இங்கே அப்படித்தான் பெயர். போக வர ஒரு வீடு இன்னமும் இல்லை. ஆனாலும் பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். குறுகிய நடைபாதையில் எதிரே மூன்றாம் மாடி எர்க்கி வந்தார். ஆறு வருடத்தில் அவர் என்னிடம் வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. இந்தச் சேற்றில், நாயும் இல்லாமல், எதற்கு நடக்கிறாய் என்று கேட்டார். என் அப்பாவோடு நடக்கிறேன் என்றேன். அவர் என் பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பாதையை விட்டு இறங்கி, கணுக்கால் வரை சேற்றில் நின்று, இரண்டு பேர் போகும் அளவுக்கு வழி விட்டார்.