நவம்பர் பட்டியலில் ஒரு பெயர்

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிறன்று பூசை முடிந்ததும் எங்கள் கோயிலில் ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பார்கள். கத்தோலிக்கத் தமிழர்களான நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். வீட்டில் இறந்துபோனவர்களின் பெயர்களை அந்தத் தாளில் எழுதி, உறையில் போட்டு, பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் மரப்பெட்டியில் சேர்க்க வேண்டும். நவம்பர் முழுக்கப் பெட்டி அங்கேயே இருக்கும். அதிலுள்ளவர்களின் ஆத்துமாக்களுக்காக ஒவ்வொரு பூசையிலும் வேண்டிக்கொள்வார்கள். சகல ஆத்துமாக்கள் திருநாளான இரண்டாம் தேதி மாலையில் மட்டும் பெயர்களைச் சத்தமாக வாசிப்பார்கள்.

எங்கள் வீட்டில் அந்தத் தாளை எழுதுவது எட்டு வயதிலிருந்து என் வேலை. அம்மா தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தம்பி தங்கைகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அப்பா லோரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். கையெழுத்துப் போட மட்டும் பழகியிருந்தார். மின்சார பில், மருத்துவமனைச் சீட்டு, வீட்டு வாடகைக் கடிதம் எல்லாம் என் கைக்குத்தான் வரும். எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, எங்கள் வீட்டில் இறந்தவர்களுக்கும் நான்தான் கிராணி, பேரேடு எழுதுபவள்.

நான் தெற்கே படிக்கப் போன முதல் வருடத்திலேயே அப்பா இறந்துபோனார். வேலை செய்யுமிடத்தில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு மூன்று நவம்பர்களில் நான் ஊரில் இல்லை. கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் அக்கா ஒருவர் அம்மாவின் பட்டியலை எழுதினார். படிப்பு முடிந்து, சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை கிடைத்து, ஜார்ஜ் டவுனில் எங்கள் பிளாட்டுக்கே திரும்பி வந்தேன். போன அக்டோபரில் பேனா மறுபடியும் என் கைக்கு வந்தது.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அவருடைய அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்கள். எல்லாம் புனிதர்களின் பெயர்கள், சிறு வயதிலிருந்து எழுதிப் பழகியவை. ஐந்தாவதாக அவர் சொன்ன பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

"யாரும்மா இது?"

"எழுது பாப்பா."

"நம்ம வீட்டுல இந்தப் பேருல யாரும் இல்லையே."

அம்மாவின் விரல்கள் கீரைத்தண்டை விடவில்லை. "உங்கப்பாதான்," என்றார்.

என் அப்பா இந்து. அவருடைய பெயர் தைப்பூசத்தன்று எங்கள் ஊர்த் தண்ணீர்மலைக் கோயிலில் ஆயிரம் பேர் கூப்பிடும் பெயர். அம்மாவைக் கட்டிக்கொண்டபோது அவரும் மாறவில்லை, அம்மாவும் மாறவில்லை. பிறந்த என்னை மட்டும் ஞானஸ்நானத்துக்கு விட்டுக்கொடுத்தார். ஞாயிறுதோறும் மோட்டாரில் எங்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்து விடுவார். நான் நடுவில், அம்மா பின்னால். பூசை முடியும்வரை வாசலுக்கு வெளியே மோட்டாரின் மேலேயே உட்கார்ந்திருப்பார். மழை பெய்தால் எதிரே இருந்த கடைத் தாழ்வாரத்துக்குப் போவார். உள்ளே வாங்களேன் என்று அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். "சாகறதுக்கு மொத நாளு எடுத்துக்கிறேன் லா. எல்லாப் பாவத்தையும் ஒரே கழுவுல கழுவிடலாம், தண்ணி மிச்சம்," என்பது அவருடைய நிரந்தரமான பதில். அப்படி எடுக்கும் நாளில் என்ன பெயர் வைப்பது என்று இருவரும் விளையாட்டாகப் பேசி ஒரு பெயரைத் தேர்ந்துகூட வைத்திருந்தார்களாம். அந்த முதல் நாள் எது என்று அவருக்கும் தெரியாமல் போயிற்று.

அவர் இறந்த வருடம் வாசல் மேசையில் அந்த அக்கா, பழக்கப்படி, "ஞானஸ்நானப் பேரு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். பின்னால் வரிசை. அப்பாவின் பெயரைச் சொன்னால் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். விளையாட்டாகத் தேர்ந்து வைத்திருந்த அந்தப் பெயர் வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னதை அடுத்த வருடம் மாற்ற முடியவில்லை. மூன்று வருடமாக, இல்லாத ஒருவரின் பெயரில் அம்மா வேண்டிக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் போய்ச் சேந்துச்சா, இல்ல அந்தப் பேருல உள்ள வேற யாருக்காச்சும் போயிடுச்சா?" என்று கேட்டார். "மூணு வருசமா எனக்கு இதே யோசனதான். நீ படிச்சவதானே, பாத்துச் சொல்லு."

ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்றேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு என்மேல். பழுதான பாகத்தைக் கையில் வாங்கினால் எந்தப் படியில் தவறு நடந்தது என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு.

மறைக்கல்வி வகுப்பில் கற்றது நினைவில் இருந்தது. சாகும் கணத்திலேயே ஆத்துமாவுக்குத் தீர்ப்பு உண்டு. தூய்மையானது மோட்சத்துக்குப் போகும். கடவுளின் நட்பில் இறந்தும் இன்னும் கறை மீதம் இருந்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் தங்கித் தூய்மை பெறும். அங்கே இருப்பவர்களுக்குத்தான் நம் வேண்டுதல்கள் உதவும். உலக முடிவில் எல்லாரும் உடலோடு எழுவார்கள். வகுப்பில் இதை ஒரு பேருந்துத் தடம் மாதிரி ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்தத் தடத்தில் என் அப்பா எந்த நிறுத்தத்தில் நிற்கிறார் என்று தேடியபோதுதான், எனக்கு நிறுத்தங்களின் பெயர்கள் மட்டுமே தெரியும் என்பது புரிந்தது. உடல் இல்லாத ஆத்துமா எதைக் கொண்டு பார்க்கும், எதைக் கொண்டு நம்மை நினைக்கும்? அங்கே மூன்று வருடம் என்பது மூன்று வருடம்தானா? படிக்கப் படிக்கக் கேள்விகள்தான் கூடின. அது எனக்குப் பிடித்தும் இருந்தது, அதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

தொழிற்சாலை கேண்டீனில் என்னோடு சாப்பிடும் அக்கா பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். அவரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். விசுவாசி கண்ணை மூடினால் அடுத்த நொடி கர்த்தரோடு இருப்பார், நடுவில் எந்த இடமும் இல்லை என்றார். வேறு சில சபைகளில், எக்காளம் ஊதும்வரை ஆத்துமா தூங்கும், நேரம் போவதே அதற்குத் தெரியாது என்று நம்புகிறார்களாம். இரண்டில் எது சரியென்றாலும் செத்தவர்களுக்காக நாம் ஜெபிக்க வேண்டியதில்லை என்று முடித்து, தன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை என் தட்டில் வைத்தார். அந்தப் பதிலை நான் அம்மாவிடம் கொண்டுபோகவில்லை. ஆனால் தூக்கம் என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஞாயிறு மதியம் அப்பா நாற்காலியில் தலை சாய்த்துத் தூங்கி, எழுந்தவுடன் "எத்தன மணி" என்று கேட்பார். அப்படிக் கேட்டுக்கொண்டே அவர் எழுந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

வீட்டில் அம்மாவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அப்பாவைத் தகனம் செய்து, சித்தப்பா சாம்பலைக் கடலில் கரைத்தார். எழும்ப வேண்டிய உடலுக்கு எலும்பு வேண்டாமா என்று அம்மா கேட்டார். தகனத்தைத் திருச்சபை இப்போது தடுப்பதில்லை, மண்ணிலிருந்து உண்டாக்கியவருக்குக் கடலிலிருந்து எடுக்கவா தெரியாது என்று படித்ததைச் சொன்னேன். சாம்பலைக் கரைக்கக் கூடாது, ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் படித்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அதற்கு அம்மா, அவர் இறந்த வருடம் முழுக்கப் பாசாரில் எங்கள் பக்கத்துக் கடல் மீனை வாங்கவே இல்லை என்றார். எங்கே பிடித்தது என்று கேட்டுக் கேட்டு மீன்காரருக்கே கோபம் வந்ததாம். நான் சிரித்தேன். பிறகு தேடிப் பார்த்தபோது, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பெரிய பெரிய மேதைகள் இதே கேள்வியை எழுப்பித் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. மீன் மனிதனைத் தின்று, அந்த மீனை இன்னொருவன் தின்றால், உயிர்த்தெழும் நாளில் அந்தச் சதை யாருடையது? பள்ளிக்கூடம் போகாத அம்மா அந்தக் கேள்விக்குப் பாசாரில் நின்றே வந்து சேர்ந்திருந்தார். என் பெருமை அன்றைக்கு ஒரு அங்குலம் இறங்கியது.

ஞாயிறன்று பூசை முடிந்து ஃபாதரைப் பிடித்தேன். யாரோ வாங்கிய புதுக் கார் ஆசீர்வாதத்துக்காகக் கதவைத் திறந்தபடி நின்றது. கையில் தீர்த்தத்தோடு நடந்துகொண்டே அவர் நான் சொல்வதைக் கேட்டார். ஞானஸ்நானம் பெறாதவருக்காகவும் வேண்டலாம், தாராளமாக எழுதலாம் என்றார். பெயர் மாறியதைச் சொன்னதும் நின்றார். ஆண்டவர் முகவரி பார்த்துத் தபால் கொடுப்பவர் அல்ல, அம்மா யாரை நினைத்தாரோ அவருக்குத்தான் அது என்றார். பிறகு காருக்குப் போய்விட்டார்.

எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்துக்குள் விடையோடு வந்துவிட்ட நிறைவில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முழுதும் கேட்டார்.

"பேரு முக்கியமில்லன்னா, எதுக்குப் பேரு எழுதச் சொல்றாங்க?"

அந்தக் கேள்வியைத் தாண்டி, உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றி நான் சேர்த்து வைத்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். அங்கே இருப்பவர்கள் கைவிடப்பட்டவர்கள் அல்ல, உள்ளே போவது உறுதி, வாசலுக்கு வெளியே காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"வாசல்ல நிக்கிறது அவருக்குப் புதுசா," என்றார் அம்மா. முகம் கொஞ்சம் இளகியிருந்தது. "சரி, அவர் பேரையே எழுது. யாரு என்ன சொன்னாலும் சொல்லட்டும்."

ஐந்தாவது வரியில் அப்பாவின் பெயரை எழுதினேன். அந்தத் தாளில் அதை நான் எழுதுவது அதுதான் முதல் தடவை. என் சான்றிதழ்களிலெல்லாம் என் பெயருக்குப் பின்னால் வரும் அதே பெயர். தாளை மடிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பேரையும் எழுது."

"அது யாருமே இல்லையேம்மா."

"யாராச்சும் இருப்பாங்க. வேண்டிக்க ஆளில்லாத யாருக்காச்சும் மூணு வருசமா போயிருக்கும். வருசா வருசம் சோறு போட்டுட்டுத் திடீர்னு கதவச் சாத்துனா, அந்த ஆளு என்ன நெனைப்பாரு?"

ஆறாவது வரியில் அதையும் எழுதினேன். எதையும் திருத்தவில்லை.

இரண்டாம் தேதி காலையில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எல்லாரும் தங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே கல்லறை இல்லாதவர்களுக்காக நடுவில் ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. மூன்று வருடமும் அம்மா தனியாக அதன் அடியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். இந்த முறை இரண்டு ஏற்றினார். இரண்டாவது அணைந்துபோக, முதலாவதிலிருந்து மறுபடியும் பற்றவைத்தார்.

மாலைப் பூசையில் பெயர்களை வாசித்தது வாசல் மேசை அக்காதான். பெயர்கள் ஒரே ஓட்டமாக வந்தன. எங்கள் தாள் வந்தது. என் தாத்தா, பாட்டி, மாமா, மாமா. பிறகு ஒரு நிறுத்தம். ஒலிபெருக்கியில் அந்த அக்கா மூச்சு இழுப்பது கேட்டது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முன் வரிசையில் ஒரு தலை திரும்பியது. அப்புறம் அப்பாவின் பெயர், தண்ணீர்மலையின் பெயர், ஜார்ஜ் டவுனில் ஒரு பீடத்தின் முன்னால் தெளிவாகக் கேட்டது. அதற்கடுத்து அந்த மற்றப் பெயர். அம்மாவின் உதடுகள் இரண்டுக்கும் அசைந்தன.

வெளியே வந்ததும் அந்த அக்கா எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கோபித்துக்கொள்வாரோ என்று நான் அம்மாவை ஒட்டி நின்றேன்.

"வெளிய மோட்டார்ல உக்காந்திருப்பாரே, அவராக்கா?" என்று அம்மாவிடம் கேட்டார். "எத்தன தடவ எங்கம்மாவ கைபிடிச்சுப் படியேத்தி விட்டுருக்காரு. பேரு இதுதானா? நான் கேட்டதே இல்ல."

அம்மா தலையசைத்தார். அந்த அக்கா வாசல் மேசையை மடக்கப் போனார்.

அப்பாவின் மோட்டாரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அம்மா பின்னால் ஏறி என் தோளைப் பிடித்தார். முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது என் காதருகே கேட்டார்.

"பாப்பா, அந்த இன்னொருத்தருக்கு இங்க வீட்டுல யாராச்சும் இருப்பாங்களா?"

தெரியாதும்மா என்றேன். பட்டியல் எழுதத் தொடங்கிய எட்டு வயதிலிருந்து அம்மாவிடம் அந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை. அம்மா அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கு பச்சையாகும்வரை அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.