சாட்சிக் கையெழுத்து

அயர்லாந்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. மழைக்குப் பழகிவிட்டேன், உப்பு உறைப்பில்லாத சாப்பாட்டுக்கும் பழகிவிட்டேன். எதற்கெடுத்தாலும் கையெழுத்துப் போடுவதற்குத்தான் இன்னும் பழகவில்லை. முதியோரைப் பார்த்துக்கொள்ளும் கேர் ஹோமில் எனக்கு வேலை. டாம் தாத்தா டீ குடித்தாரா, ஒரு கையெழுத்து. மாத்திரை போட்டாரா, இன்னொன்று. அதுகூடப் பரவாயில்லை. பேனாவை வைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிதானமாகப் படிக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு அதிசயம்.

கள்ளக்குறிச்சியில் பத்திரம் எழுதும் இடத்துக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நிற்பவரைக் கூப்பிட்டு, அண்ணே ஒரு சாட்சிக் கையெழுத்து என்றால் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால்தான் வம்பு. எம்மேல நம்பிக்கை இல்லியா என்று, கையெழுத்துக் கேட்டவரின் முகம் சுருங்கிவிடும். நம்மூரில் அந்தக் கையெழுத்துக்கு, நான் பார்த்தேன் என்று பொருளில்லை. நான் உன் பக்கம் என்றுதான் பொருள். இந்தப் பழக்கத்தைப் பெட்டியில் வைத்து விமானத்தில் கொண்டுவந்தவள் நான்.

போன டிசம்பரில் ஒரு மதியம் டாம் அறையில் விழுந்துவிட்டார். விழுந்த சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான்தான். தரையில் கிடந்தார். அவர் பெல் அழுத்தினால் கதவுக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நானே அதை அணைத்தேன். இடுப்பில் அடி, நல்ல வேளையாக எலும்பு முறியவில்லை. அன்று மாலை சூப்பர்வைசர் ஹெலன் விபத்து அறிக்கைத் தாளை நீட்டினாள். வந்த முதல் குளிர்காலத்தில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்தவள் அவள். படிக்காமலே சாட்சி என்ற இடத்தில் போட்டுவிட்டேன். டாம் பெல் அழுத்தாமல் தானாக எழுந்து நடந்தார் என்று அதில் எழுதியிருந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அவரை நாற்காலியோடு பெல்ட் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். இனி தனியாக எழுந்து நடக்கக் கூடாதாம்.

டாம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “நீ வந்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இல்லையா?” நான் போர்வையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெல் சத்தம் வெகுநேரம் என் காதிலும் விழுந்தது. பக்கத்து அறையில் ஒருவருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். யாராவது போவார்கள் என்று இருந்துவிட்டேன்.

அப்பாவின் நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. வடக்கனந்தலில் ஒரு பெரிய விவசாயியின் நிலத்தில் கூலி வேலை செய்தவர் அவர். மலையடிவாரத்தில் இருந்த ஒரு துண்டு நிலத்தை, மலைமேல் இருக்கும் கரியாலூர்க்காரர் லட்சுமணன் மூன்று வருடக் குத்தகைக்கு அந்த முதலாளியிடம் விட்டார். பேச்சு நடந்தபோது அப்பா அங்கேயே இருந்தார். பத்திரத்தில் கிரயம், அதாவது விற்றுவிட்டதாக எழுதியிருந்தது. சாட்சி, அப்பா. பஞ்சாயத்தில் கேட்டபோது, எனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டார். நிலம் முதலாளிக்கே போனது. முதலாளியைப் பகைத்துக்கொண்டு எங்கே போய் வேலை கேட்பது? அதற்குப் பிறகு அவர் மலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை எங்கள் ஹாலில் பூசை. சக்கர நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றேன். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றி வளர்ந்தவள் நான். எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் நர்சிங் படித்த இடத்தில் சிஸ்டர்கள் கொடுத்த கேக்தான். மாட்டுத் தொழுவம், நட்சத்திரம் என்று பேசுவார் எனப் பார்த்தால், பாதிரியார் நேரே இயேசுவை விசாரித்த கதைக்குப் போய்விட்டார். கைகள் கட்டப்பட்டு ஆளுநர் முன்னால் நின்றபோது, உண்மைக்குச் சாட்சி சொல்லவே தான் பிறந்ததாக இயேசு சொன்னாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளை பிறந்தால் நாம் என்ன சொல்வோம்? குலம் விளங்க வந்தான், கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற வந்தான் என்போம். சாட்சி சொல்ல வந்தான் என்று எந்தத் தாயாவது கொஞ்சுவாளா? அந்தப் பிறப்பை முதலில் பார்த்து ஊருக்குச் சொன்னவர்களும் ஆடு மேய்க்கிறவர்கள்தானாம். எங்களைப் போன்ற கூலிக்காரர்கள். அவர்கள் சொல்லை யார் மதித்திருப்பார்கள்? ஆனாலும் பார்த்ததால் சொன்னார்கள். எனக்கு முன்னால் டாம் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தார்.

பூசை முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போனேன். விளக்கு எரிந்ததையும், எனக்குப் பெல் கேட்டதையும் சொன்னேன். அப்படியானால் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்றார். ஹெலன் எனக்கு வேண்டியவள் என்றேன். மிரட்டினாளா என்று கேட்டு எழுத ஆரம்பித்தார். ஐயோ, இல்லை, நல்லவள், அதனால்தான் போட்டேன் என்றேன். மனிதர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

டாமுக்குப் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஜன்னல்வரை போய்வருகிறார். ஹெலன்மேலும் என்மேலும் விசாரணை நடக்கிறது. என் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க இவர்கள் தரவேண்டிய கடிதம் இன்னும் வரவில்லை. ஹெலன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது கடிதத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். சொல்லிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். மறுநாள் பத்து மணி டீ நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

“கரியாலூர் வந்துகீறன்மா. லட்சுமணன் செத்துப்போய்ட்டாராம். புள்ள இருந்தான். மூணு வருசக் குத்தகைக்குதான் பேசினாங்க, நான் கேட்டுக்கினுதான் இருந்தேன், பஞ்சாயத்துல பொய் சொல்லிட்டேன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்.”

“அவன் இன்னா சொன்னாம்ப்பா?”

“ஒண்ணும் சொல்லல. குந்துன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. வாசல்லயே நின்னுக்கினு இருக்கேன்.”

போனைக் காதில் வைத்தபடி டீ அறையின் கதவருகே நின்றிருந்தேன். உள்ளே கூட வேலை செய்பவர்கள் நான்கு பேர் இருந்தார்கள், ஒரு நாற்காலி காலியாக இருந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வா என்று ஒருவரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“நானும் நின்னுக்கினுதாம்ப்பா இருக்கேன்” என்றேன்.