மதினி மடித்த காக்கித்தாள்

அன்று மத்தியானம் தண்ணீர் வாளியைச் சுற்றி நின்றவர்கள்: என் அம்மா. என் அண்ணன். அண்ணன் மனைவி, அதாவது என் மதினி. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தை. லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட வந்த நான். பச்சை வாளி. பிடி உடைந்து கயிறு கட்டியிருந்தோம். மதினி மடித்து வைத்திருந்த காக்கித்தாளை அண்ணன் அதற்குள் போட்டு, செம்பால் அமுக்கிப் பிடித்திருந்தார். குமிழி வந்துகொண்டிருந்தது.

மதினி சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை பார்த்தார். அச்சடித்த பெரிய தாளைப் பக்கம் வரிசையாக வருகிற மாதிரி மடிப்பதுதான் வேலை. அப்படி மடித்த ஒரு தாளுக்குப் பாரம் என்று பேர். பல பாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். மதினி கைக்கு ஒரு புத்தகத்தில் ஒரு பாரம்தான் வரும். அதையே ஆயிரக்கணக்கில் மடிக்க வேண்டும். அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பது வேறு ஆள் கையில். இத்தனை வருசத்தில் ஒரு புத்தகத்தையாவது முதலிலிருந்து கடைசி வரை பார்த்ததில்லை என்று ஒருமுறை சொன்னார். வருத்தமாகச் சொன்ன மாதிரி இல்லை. சும்மா சொன்னார்.

இரண்டாயிரமாம் வருசத்துக்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர் நிறைய வந்த சமயம் அது. அதில் ஒன்று காகிதம் மடித்து உருவம் செய்கிற புத்தகம். எழுத்து எந்த நாட்டு எழுத்தோ, பிரஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. மை இழுவிப்போன ஒரு தாளை, அலமாரியில் விரிக்கலாம் என்று மதினி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் புள்ளிக்கோடு, அம்புக்குறி, கட்டம் கட்டமாகப் படம். பக்க வரிசைக்கு மடித்துப் பார்த்தால் ஒரு உருவத்துக்கு உண்டான படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. போய்க்கொண்டே இருந்தன. அப்படியே பாரம் முடிந்துவிட்டது. உருவம் முடியவில்லை. கடைசிப் படம் அடுத்த பாரத்தில். மதினி போய்க் கேட்டபோது ஆர்டர் லாரி ஏறிவிட்டது, கழிவுத்தாளையும் எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

அதனால் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மதினி மடித்தார். செய்தித்தாள் கிழிந்தது. காலண்டர் தாள் மடிப்பில் வெடித்தது. கடைசியில் வெடிக்குக் குழாய் உருட்டுகிற காக்கித்தாளைக் கடையில் வாங்கி, கட்டில் அகலத்துக்குச் சதுரமாக வெட்டினார். மெலிசு, ஆனால் கெட்டி. எத்தனை தடவை திருப்பி மடித்தாலும் தாங்கியது. வேலை விட்டு வந்து கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம். தப்பினால் பிரித்து மறுபடியும். கட்டில் அகலத் தாள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி வந்தது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

"அங்கன போயும் மடிப்பு, இங்கன வந்தும் மடிப்பு. சோத்துக்கு மடிக்க, சரி. இது எதுக்குடி?"

"இது எதுல போயி முடியுதுன்னு பாக்கணும் அத்தை."

"எங்கிட்டுப் போயி முடியும்? அடுப்புலதான்."

அண்ணன் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கிற அறையில் இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து வேலை பார்க்கிறவர் வாசலிலேயே கைகால் கழுவி, உடுப்பு மாற்றித்தான் உள்ளே வர வேண்டும். இன்னொன்றும் உண்டு. காக்கித்தாளில் மடித்தது எதையாவது கண்டால், அது என்ன, யாருடையது என்று கேட்கிறதில்லை. முதலில் தண்ணீர். பிறகுதான் பேச்சு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, கை தானாகச் செய்யும். நானும் செய்திருப்பேன்.

அன்று பாரத்தில் இருந்த கடைசிப் படம் வரைக்கும் மதினி மடித்து முடித்திருந்தார். மடிப்பு நன்றாகப் படியட்டும் என்று அடுப்பு மேடை ஓரத்தில் வைத்து, மேலே புளி டப்பாவைத் தூக்கி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். டப்பாவுக்கு வெளியே மெல்லிசான நுனிகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. வானம் இடித்தால் மருந்து அறையில் வேலையை நிறுத்திவிடுவார்கள். அன்று இடித்தது. அண்ணன் நேரத்தோடு வந்தார். அடுப்பு எரிகிறது, பக்கத்தில் காக்கித்தாள், அதிலிருந்து திரி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. டப்பா ஒரு பக்கம் பறந்தது.

குடத்தோடு வந்த மதினி வாளியைப் பார்த்தார்.

"என்னத்தப் போட்டீக?"

"அடுப்புக்கிட்ட வெடிய வச்சிட்டுப் போயிருக்க. கூறு இருக்கா உனக்கு?"

"அதுல மருந்து இல்ல. ஒரு சீசன் பூராவும் மடிச்சதுதான் இருந்துச்சு."

அண்ணனுக்கு அப்போதுதான் விளங்கியது. செம்பை எடுக்கவும் இல்லை, அமுக்கவும் இல்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு அத்தைதான் பேசினார்.

"நல்ல குடும்பம்டி. புருசன் முளுக்காட்டுறான், பொண்டாட்டி வேடிக்கை பாக்கா. எடுங்களேண்டி வெளிய!"

மதினி எடுத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தரையில் துண்டை விரித்து அதன்மேல் வைத்து உட்கார்ந்தார். காக்கித்தாள் கரையவில்லை. துணி மாதிரி குழைந்திருந்தது. காய்ந்த தாளில் வளையாத இடமெல்லாம் இப்போது வளைந்தது. மதினி ஒரு நுனியைப் பிடித்து வளைத்துவிட்டார். அது கால் மாதிரி நின்றது. இன்னொன்று. "இதப் பிடிங்க" என்றார், யாரையும் பார்க்காமல். அண்ணன் உட்கார்ந்து பிடித்தார். வெடியில் சேர்க்கிற வெள்ளிமருந்து ஏறி, எத்தனை கழுவினாலும் போகாத விரல்கள். அவர் பிடித்தார், இவர் வளைத்தார். ரொம்ப நேரம். நடுவில் அண்ணன் அடியில் எதையோ தடவிப் பார்த்தார்.

"இங்கன ஒண்ணு உள்ளயே மாட்டிக் கிடக்கு பாரு."

நகத்தால் நெம்பி ஒரு நுனியை வெளியே இழுத்தார். மதினி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்று அதையும் வளைத்துவிட்டார். துணிக் கிளிப் போட்டுக் காயவைத்தார்கள். காய்ந்ததும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

என்ன உருவம் என்பதில்தான் சண்டை. அம்மா நண்டு என்றாள். அண்ணன் தேள் என்றார். பக்கத்து வீட்டு அத்தை மதினியிடம், "உன் மாமியா மாதிரியே இருக்கு" என்று சொல்லி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "முடிஞ்சிருச்சா மதினி?" என்று கேட்டேன். "தெரியலையே தம்பி" என்றார்.

அந்தத் தீபாவளி முடிந்து அண்ணன் மருந்து அறைக்குப் போகவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்கும் வாளிக்கும் சம்பந்தம் உண்டா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். உண்டு என்று தோன்றும். மறுநாள் இல்லை என்று தோன்றும். மதினியின் ஊர் மல்லாங்கிணறு. அங்கே போய் மானாவாரி நிலத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். போகும்போது மதினி அதை என் கையில் கொடுத்தார். "நீயே வச்சிக்க தம்பி. பாக்கப் பாக்க எனக்குக் குளப்பமா இருக்கு." ஆசையாகச் செய்ததை ஏன் விட்டுவிட்டுப் போனார் என்பதும் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது அது என் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. போன வாரம் என் மகள் போனில் எதையோ தேடியவள், "அப்பா, அந்தக் காக்கித்தாள் மாதிரியே இருக்கு பாருங்க" என்று காட்டினாள். கொம்பு வைத்த வண்டு. அதே மடிப்பு, அதே முதுகு. கடைசிப் படமும் இருந்தது. மதினிக்குப் போன் போட்டேன்.

"வண்டாம் மதினி."

அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

"வண்டா? படத்துல கால் எம்புட்டு இருக்கு?"

"ஆறு."

"நம்மதுல எம்புட்டு, எண்ணிச் சொல்லு."

இத்தனை வருசம் தூசி தட்டியிருக்கிறேன், எண்ணியதில்லை. கவிழ்த்து வைத்து எண்ணினேன். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று, அன்று அண்ணன் நெம்பி இழுத்துவிட்ட காலிலிருந்து மறுபடியும் எண்ணினேன். மதினி காத்திருந்தார்.

ஏழு.