அக்காவின் நாடாவோடு ஆரணியிலிருந்து மெட்ராஸ் வரை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: என் இடது செருப்பின் வார் செய்யாறு பேருந்து நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்கு அகால மரணமடைந்தது. மிச்சமிருந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை ஒற்றைச் செருப்போடு கடந்தேன்.

அது 1983 ஜனவரி. ஸ்டெல்லா அக்கா மெட்ராஸில் ஆராய்ச்சி மாணவி. தொழுநோய் மருந்து கிருமியின் புரதத்தில் எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு புரதத்தில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே வருஷக்கணக்காகும். கண்டுபிடித்தவர்கள் அந்த இடங்களை எண்களாக வெளிநாட்டில் ஒரு பொதுக் கிடங்கில் போட்டு வைக்கிறார்கள். கடிதம் எழுதிக் கேட்டால் யாருக்கும் கணிப்பொறி நாடாவில் பதிந்து அனுப்புவார்கள். அக்கா கேட்டாள். டைபாய்டு வந்து ஆரணியில் படுத்திருந்ததால் நாடா வீட்டுக்கே வந்தது. கணிப்பொறியில் அவளுக்குக் கிடைத்த நேரம் வியாழக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு. அதை விட்டால் ஏப்ரல்தான். அவள் உதவித்தொகையோ மார்ச்சோடு முடிகிறது.

"டேய், வெயில் படக்கூடாது, தண்ணி படக்கூடாது, காந்தம் கிட்டவே வரக்கூடாது. மடியிலயே வச்சிகினு போ."

"முட்டை மேல உக்காந்த கோழி மாதிரி பாத்துக்கிறேங்கா."

நாலே முக்கால் பஸ். கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பிஸ்கோத்து டப்பாவா?"

"உலகத்துப் புரதம் மொத்தமும்ங்க."

"அப்போ லக்கேஜ் போடணுமே!"

காஞ்சிபுரம் தாண்டியதும் பக்கத்து சீட்டுக் குழந்தை அழுதது. நாடா இருந்த பிளாஸ்டிக் டப்பா மேல் காகிதம் விரித்து, என் கைவித்தையால் குண்டூசிகளை ஆட வைத்தேன். பஸ்ஸே கைதட்டியது. ஒன்பதே காலுக்கு மெட்ராஸ். ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு கீற்று வெயில் படாமல் கொண்டு சேர்த்தேன்.

கணிப்பொறி அறையில் ஆபரேட்டர் நாடாவை மாட்டினார். கழற்றினார். மறுபடி மாட்டினார்.

"தொடக்கமே படிக்க மாட்டேங்குது தம்பி. வேற காப்பி இருக்கா?"

இல்லை. பன்னிரண்டுக்கு அடுத்த ஆள் வந்துவிட்டார்.

மாலை ஆறரைக்கு வீடு. அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "ஓடிச்சா?"

"காலி நாடாவ அனுப்பி ஏமாத்திட்டானுங்கக்கா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் கடிதம் எழுதினாள். ஏன், எதற்கு என்று கேட்காமல் புது நாடா அனுப்பினார்கள். அது வந்தது ஏப்ரலில். இப்போது மெட்ராஸில் வேறு இரண்டு மாணவர்கள் அதை வைத்து அவள் விட்ட இடத்திலிருந்து வேலை செய்கிறார்கள். பொதுக் கிடங்கில் இருப்பதை யாரும் எடுத்துத் தொடரலாம். அக்கா செய்யாறில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறாள்.

போகிறவர்களுக்கு: முதல் பஸ்ஸையே பிடியுங்கள். டிக்கெட்டுக்குப் பதினோரு ரூபாய், செருப்புக்குச் சணல் கயிறு எடுத்துப் போங்கள். கூடவே இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் சேலை டிசைன் தறி அட்டையில் துளைகளாக இருக்கும். அதன்மேல் எந்தக் காந்தத்தை வைத்தாலும் ஒரு துளைகூட மூடாது. நாடாவும் அப்படித்தான், அக்கா சும்மா மிரட்டுகிறாள் என்று நினைத்தேன். குண்டூசிகளை ஆட்டியது என் கைவித்தை இல்லை. காகிதத்துக்கும் டப்பாவுக்கும் நடுவே பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் இருந்தது.

அக்கா, அவர்கள் அனுப்பியது காலி நாடா இல்லை.